முதுகுத்தண்டில் அடிபட்டவரை வீட்டில் நிறுத்திவைப்பது பற்றி: மயக்கம் வந்துவிட்டது, தொடரலாமா?

தோப்புவீடு_பொள்ளாச்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே முதல் முறையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு 38 வயது. எட்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் தோப்பிலேயே தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டார். டி8 (நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் எட்டாவது) என்றும் கம்ப்ளீட் இஞ்சுரி (அதற்குக் கீழே உணர்வும் அசைவும் முழுதாகப் போய்விட்டது) என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதுகில் ராடு வைத்து ஆபரேஷன் ஆகிவிட்டது. தொப்புளுக்கு நாலு விரல் மேலே வரை தொட்டால் தெரியும், அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. கை இரண்டும் நல்ல பலம். யூரினுக்கு டியூப் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் வார்டில் இரண்டு காலுக்கும் பின்பக்கம் மாவுக்கட்டுப் பட்டை, பேக் ஸ்லாப் என்பார்களே, அதைச் செய்து கொடுத்து பேரலல் பாரில் இரண்டு நாள் நிறுத்திக் காட்டினார்கள். "வீட்டில் தினமும் நிறுத்துங்கம்மா" என்றார்கள். எவ்வளவு நேரம், எப்படி, எது நடந்தால் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் வால் எலும்பு மேலே படுக்கைப்புண் வந்துவிட்டது. அதைப் பார்ப்பதிலேயே மூன்று மாதம் போய்விட்டது. இப்போது புண் ஒரு சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாரும் பக்கத்துத் தோட்டத்துப் பையனும் இருந்தார்கள். பட்டையைக் காலில் வைத்து கிரேப் பேண்டேஜ் சுற்றி, இடுப்பில் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு இழுத்துப் பிடித்து, ஜன்னல் கம்பியைப் பிடிக்க வைத்து நிறுத்தினோம். நின்றார். வெளியே பார்த்துக்கொண்டே இருந்தவர், "மோட்டார் ரூம்ல ரெண்டு ஓடு விலகிக் கிடக்கு பாரு, மழைக்குள்ள மாத்தணும்" என்றார். எட்டு மாதமாக அவர் பார்த்ததெல்லாம் காற்றாடியும் ஜன்னலின் கீழ்ப்பாதியும்தான். அந்த ஓடு எத்தனை நாளாக விலகிக் கிடந்ததோ, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அப்புறம் இரண்டு முறை கொட்டாவி விட்டார். உதடு வெளுத்து, நெற்றியில் வேர்த்து, தலை தொங்கிவிட்டது. படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் தெளிந்தார். மொத்தம் மூன்று நிமிடம்கூட நின்றிருக்க மாட்டார். அத்தை அழுது, இனி இந்த வேலையே வேண்டாம் என்கிறார்கள். அவரோ நாளைக்கே நிறுத்து என்கிறார்.

இதைத் தொடரலாமா? எவ்வளவு நேரம்? இதனால் உண்மையில் என்ன பலன்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒருவர் போனில் பேசினார். ஸ்டேண்டிங் மெஷின் 60 ஆயிரம், மூன்று மாதத்தில் நடந்துவிடுவார் என்கிறார். கொழுந்தனார் வெல்டிங் பட்டறையில் பத்தாயிரத்துக்குள் செய்துவிடலாம் என்கிறார். அத்தை பழனிக்கு வேண்டிக்கொண்டு, நிற்கிறவன் நடந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் எதை நம்புவது?

வீட்டுபிசியோ_மதுரை எழுதியது:

சகோதரி, வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வதுதான் 16 வருடமாக என் வேலை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் கண்ணில் பட்டது மயக்கம் இல்லை, பெட்ஷீட். இடுப்பைச் சுற்றி இழுத்துப் பிடித்தீர்களே, அந்தத் துணி நேராக வால் எலும்புப் புண் மேலேதான் அழுத்தியிருக்கும். அவருக்கு வலி தெரியாது. இன்றைக்கே புண்ணைப் பாருங்கள். ஓரத்தில் சிவப்போ புதிதாகக் கசிவோ இருந்தால் ஆறும் வரை நிறுத்த வேண்டாம். பிறகு செய்யும்போது நாலு விரலுக்கு மேல் அகலமான கான்வாஸ் பட்டை வாங்கி, பிட்டத்தின் கீழ்ப்பகுதியில் வருகிற மாதிரி போடுங்கள். புண் இருந்த இடத்தில் அது படவே கூடாது.

சரி, மயக்கத்துக்கு வருகிறேன். நாம் நிற்கும்போது கால் தசைகள் இறுகி இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். அவருக்கு அந்தத் தசை வேலை செய்யவில்லை, ரத்தக்குழாய் தானாகச் சுருங்குவதும் குறைந்திருக்கிறது. மாதக்கணக்கில் படுத்தும் இருந்திருக்கிறார். ரத்தம் காலிலும் வயிற்றிலும் தங்கிவிட்டது, தலைக்குப் போதவில்லை. அந்தக் கொட்டாவிதான் முதல் மணி. அடுத்த முறை முதல் கொட்டாவியிலேயே உட்கார வைத்துவிடுங்கள். இதைச் சரிசெய்ய முடியும், அத்தையிடம் சொல்லுங்கள்.

நிறுத்துவதற்குப் பல நாள் முன்பிருந்தே உட்காரும் நேரத்தைக் கூட்டுங்கள். காலைத் தொங்கப்போட்டு அரை மணி நேரம் தலை சுற்றாமல் உட்கார முடிந்த பிறகுதான் நிற்பது. நிற்கப்போகும் முன் பாதத்தில் தொடங்கித் தொடை வரை, கீழிருந்து மேலாக கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். வயிற்றில் அகலமான எலாஸ்டிக் பெல்ட். கால் மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர். சாப்பிட்ட உடனே வேண்டாம், மோஷன் போய்விட்டு வந்த உடனேயும் வேண்டாம்.

மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். படுத்திருக்கும்போது ஒன்று, நின்ற ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று என்று நோட்டில் எழுதுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதை விழுகிற பிரஷர் என்று எடுத்துக்கொள்வோம். அப்படி இறங்கினாலோ, எண் எதுவாக இருந்தாலும் தலை சுற்றினாலோ, அன்றைக்கு அதோடு போதும். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜன்னல் கம்பி எனக்குச் சம்மதம் இல்லை. மயங்கினால் சட்டென்று கீழே இறக்க வழி வேண்டும். பின்னால் பிரேக் போட்ட வீல்சேரோ கட்டிலோ முழங்காலுக்குப் பின்னால் உரசுகிற தூரத்தில் இருக்கட்டும். யூரின் பையைக் காலி செய்துவிட்டு, டியூப் எங்கும் இழுபடாமல் மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுப்புங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: டி6-க்கோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு டியூப் அடைத்தால், அல்லது மலம் கட்டினால், பிரஷர் திடீரென்று ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, மேலுடம்பில் வேர்ப்பது இதன் அடையாளம். அப்போது படுக்க வைக்கக் கூடாது. உட்கார வைத்து, இறுக்கமான துணியெல்லாம் தளர்த்தி, டியூப்பைப் பார்க்க வேண்டும். குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

தொடரும் முன் ஆபரேஷன் செய்த டாக்டரிடமோ மறுவாழ்வு மருத்துவரிடமோ ஒரு முறை காட்டி அனுமதி வாங்குங்கள். இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. செயலிழந்த காலில் எலும்பு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வேகமாக மெலியும், அதிலும் முழங்காலை ஒட்டிய இடத்தில். மடங்கிப்போன முழங்காலை அழுத்தி நிமிர்த்தி நிறுத்தினால் சத்தமில்லாமல் உடையும், வலியே இருக்காது. படுத்திருக்கும்போது நிமிராத கால் நிறுத்தினாலும் நிமிராது. அதேபோல ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்குத் தேய்க்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

நேரம் கேட்டீர்கள். இரண்டு மூன்று நிமிடம் காலையும் மாலையும் தொடங்கி, பிரஷர் நிலையாக இருந்தால் சில நாளுக்கு ஒரு முறை இரண்டிரண்டு நிமிடம் கூட்டுங்கள். 30 நிமிடம், வாரத்தில் நாலைந்து நாள் வரை கொண்டுபோனால் போதும்.

பலன்? உள்ளதைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் முதுகுத்தண்டு அடிபட்ட 20 பேரை டில்ட் டேபிளில் (ஆளைப் படுக்க வைத்துக் கட்டி, மெல்ல நிமிர்த்தும் மேசை) வாரம் மூன்று நாள், 30 நிமிடம் வீதம் 12 வாரம் நிறுத்திப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான ஆய்வு. ஒரு பாதத்துக்கு அடியில் மட்டும் ஆப்புப் பலகை வைத்து நிறுத்தினார்கள். அந்தக் கணுக்கால் மற்றதைவிட 4 டிகிரி அளவுக்குக் கூடுதலாக மடங்கியது, அவ்வளவுதான். எலும்பின் அடர்த்தியில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே எலும்பு பழையபடி ஆகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நின்ற பிறகு சில மணி நேரம் கால் வெட்டி இழுப்பது குறைகிறது, மூச்சு நன்றாக வாங்க முடிகிறது, மலம் சுலபமாகப் போகிறது என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை. அறுந்த நரம்பு நிற்பதால் வளராது. மூன்று மாதத்தில் நடப்பார் என்று சொல்லி விற்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, முதல் சில நாள் அவர்கள் எதிரிலேயே நிறுத்துங்கள்.

ஜெராக்ஸ்கடை_தென்காசி எழுதியது:

தங்கச்சி, பிசியோ சார் சொன்னதற்கு மேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தெரியாது. எனக்கு டி10. 2011-ல் லாரி மோதியது, அப்போது 29 வயது. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாலரை மணிக்குப் பிள்ளைகள் வரும்போது கல்லாவுக்குப் பின்னால் ஃபிரேமில் (விழாமல் நிற்கத் தாங்கிப் பிடிக்கும் சட்டம்) நின்றுகொண்டுதான் வியாபாரம், ஐந்து பத்து வரைக்கும்.

அத்தையின் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் நின்றதெல்லாம் நடப்பதற்காக. நிற்கும்போது கட்டைவிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அசைந்தது. அம்மா தெருவெல்லாம் கேட்கக் கத்தி, அம்மன் கோயிலில் 11 தேங்காய் உடைத்தாள். அடுத்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, அது வெட்டு இழுப்பு, நீ அசைக்கவில்லை தம்பி, அது தானாக அசைந்தது என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஃபிரேமைக் கொல்லையில் தூக்கிப் போடச் சொன்னேன். நடக்கப் போவதில்லை என்றால் எதற்கு நிற்க வேண்டும்?

எட்டு மாதம் நிற்கவில்லை. என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ராத்திரியில் கால் இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொண்டு தூங்க விடாது. கணுக்கால் விறைத்து, பாதம் வீல்சேர் ஃபுட்ரெஸ்டில் நிற்காமல் நழுவித் தரையில் இழுபடும். காலையில் மோஷனுக்கு முக்கால் மணி நேரம் ஆனது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மீண்டும் டாக்டரைப் பார்த்து, முழங்கால் எக்ஸ்ரே எடுத்து, கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து வந்து தேய்த்து, முதல் நாள் நாலு நிமிடம் நின்றேன். அந்த நாலு நிமிடம் நடப்பதற்காக இல்லை. அந்த ராத்திரி தூங்குவதற்காக. அன்றிலிருந்து இன்றுவரை விடவில்லை.

இதை உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். நான் இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன், அதற்குள் மனசு நொறுங்கிவிட்டது. அத்தை பழனிக்குப் போகட்டும், அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் அவர் நிற்கும்போது எதிரில் நின்று காலைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். அவருக்கு நிற்கும்போது செய்ய ஒரு வேலையும் கொடுங்கள். தோப்புக் கணக்கு, போன், எதுவாக இருந்தாலும். சும்மா நின்றால் பத்து நிமிடமே ஒரு யுகம். கல்லாவில் நிற்கும்போது எனக்கு நேரம் போவதே தெரியாது. இன்னொன்று, ஆட்கள் என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறார்கள்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக. 2016-ல் ஒரு நாள் ஷூவுக்குள் ஒரு புளியங்கொட்டை கிடந்திருக்கிறது. வீட்டில் புளி கொட்டையெடுத்த நாள். பார்க்காமல் மாட்டிக்கொண்டு 40 நிமிடம் நின்றேன். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கருநீலமாக இருந்தது. அது உடைந்து புண்ணாகி ஆற நாலு மாதம். நாலு மாதமும் நிற்க முடியவில்லை. அன்றிலிருந்து ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் மாட்டுவதில்லை. ஒரு சைஸ் பெரிய கான்வாஸ் ஷூ வாங்குங்கள். நின்று முடித்ததும் குதிகால், முழங்காலுக்குக் கீழே, தொடை, பிட்டம் என்று கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் பட்டை எங்கேயோ கடிக்கிறது.

பட்டறையில் செய்வது நல்லதுதான், என்னுடையதும் பட்டறையில் செய்ததே. மூன்று முறை திருத்தினேன். முதலில் செய்தபோது முழங்கால் தாங்கி சரியாகச் சில்லின் மேலே வந்துவிட்டது. அது சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் தலைப்பக்கத்தில் வர வேண்டும், அகலமாக, தடிமனான ஃபோம் வைத்து. அடிச்சட்டம் அகலமாகவும் கனமாகவும் இருக்கட்டும், அவர் முன்னால் சாய்ந்தாலும் தூக்கக் கூடாது. குதிகால் பின்னால் நழுவாமல் ஒரு தடுப்பு. முன்னால் முழங்கை ஊன்றுகிற உயரத்தில் பலகை. பின்பட்டையை ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும். செய்யக் கொடுக்கும் முன் பிசியோவை வைத்து அளவு எடுங்கள்.

அவசரப்படாமல் விசாரித்தால் வேறு வழியும் உண்டு. சென்னை ஐஐடி-யில் 2019-ல் அரைஸ் என்று எழுந்து நிற்கும் வீல்சேர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்திருப்பவரே கையால் நெம்பி எழுந்துகொள்ளலாம். அப்போது சொன்ன விலை சுமார் 15,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் என்னென்ன கருவி கிடைக்கும் என்று கேளுங்கள். யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான். முடிந்தால் வேலூர் பாகாயத்தில் சிஎம்சி-யின் மறுவாழ்வு மையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் இருந்தபடியே உருவாக்கியது. 1966-ல் தொடங்கியது. எனக்கு அங்கே கற்றுக்கொண்டதைவிட, என்னைப்போல இருபது பேரை ஒரே இடத்தில் பார்த்ததுதான் பெரிய மருந்து.

நாரிச்_தமிழ் எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்போது இங்கிலாந்தில் நாரிச்சில் இருக்கிறேன். என் கணவருக்கு வந்தது வேறு வருத்தம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போகிற வகை. ஆனபடியால் அப்படியே பொருந்தாது. ஆனாலும் வீட்டிலேயே நிற்பது பற்றி இந்த நோய்க்காரர்களிடம் ஒழுங்காக ஒரு ஆய்வு நடந்திருக்கிறது, எங்கள் பிசியோ அதை வைத்துத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்.

சம்ஸ் என்று பெயர், 2019-ல் வெளிவந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் 140 பேர். பாதிப் பேருக்கு வீட்டிலே ஓஸ்வெஸ்ட்ரி என்கிற நிற்கும் ஃபிரேம் ஒன்று கொடுத்து, வாரம் மூன்று தரம், 30 நிமிடம், 20 கிழமை (வாரம்) நிற்கச் சொன்னார்கள். பிசியோ வீட்டுக்கு வந்தது இரண்டே தரம், மிச்சம் ஆறு தரம் தொலைபேசியில் கதைத்ததுதான். 36-ஆவது கிழமையில் அளந்தபோது நின்றவர்களின் உடல் இயக்கம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் மோசமாகிக்கொண்டே போகிற நோயில் அது எங்களுக்குப் பெரிது. கூடுதலாக வந்த தொல்லை தசையிலும் மூட்டிலும் கொஞ்ச நாள் நோவு.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று: நிறுத்தினது பெரும்பாலும் வீட்டு ஆட்கள்தான். எங்கள் வீட்டில் திங்கள், புதன், வெள்ளி, இரவு ஏழு மணிச் செய்தி முடியும் மட்டும் நிற்பார். தவறிய நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டுவைப்போம். நீங்கள் தனி ஆள் இல்லை, அக்கா.

தோப்புவீடு_பொள்ளாச்சி எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் எழுதத் தாமதம். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு வரியையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

புண் விஷயம் பிசியோ சார் சொன்ன மாதிரியேதான். அன்றைக்கே பார்த்தோம், ஓரம் சிவந்து கசிந்திருந்தது. பன்னிரண்டு நாள் நிறுத்தவே இல்லை. அதற்குள் டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்து, நிறுத்தலாம் என்று எழுதி வாங்கிவிட்டோம். சுகாதார நிலையத்திலிருந்து பிசியோ மேடம் வாரம் ஒரு நாள் வருகிறார்கள். புண் மூடிய பிறகு அவர்கள் எதிரில்தான் மறுபடி தொடங்கினோம். முதல் நாள் பிரஷர் 118-இலிருந்து 92-க்கு இறங்கியது, உடனே உட்கார வைத்துவிட்டோம். வயிற்று பெல்ட்டும் தொடை வரை பேண்டேஜும் போட்ட பிறகு 106-க்குக் கீழே போகவில்லை. நேற்று பதினோரு நிமிடம். கொட்டாவி இல்லை.

தென்காசி அண்ணா எழுதியதை வாசித்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "எனக்கு அப்பவே தெரியும், நீங்கல்லாம் நம்பறீங்களேன்னுதான் சும்மா இருந்தேன்" என்றார். நானும் அவரை நினைத்துத்தான் சும்மா இருந்தேன் என்று சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். போன்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் மோட்டார் ரூம் மேலே ஏறி ஓடு மாற்றினார். அந்த நேரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் தன்னை நிறுத்தச் சொன்னார். பின்னால் வீல்சேர், முன்னால் ஜன்னல். "இடது பக்கம், இன்னொரு வரிசை மேல, அதுதான்" என்று சத்தம் போட்டுக்கொண்டே நின்றார். அத்தை பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டறைக்கு நாளைக்கு அளவு கொடுக்கிறோம். அண்ணா, ஒரு சந்தேகம்: அந்த முழங்கால் தாங்கிக்கு எத்தனை இஞ்ச் ஃபோம் வைத்தீர்கள், மேலே ரெக்சின் போட்டீர்களா துணியா? எங்கள் ஊர் வெயிலுக்கு ரெக்சின் வேர்த்துவிடும் என்று பிசியோ மேடம் சொல்கிறார்கள்.